கிருஷ்ணாயில் இல்லாத கரி

“கரி பத்தவைக்க நீ குடுத்த ஓட்டக் குழாயால எம் பொண்டாட்டி மாடி ஏறிட்டா மாமே!”

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி செல்லும் ஷேர் வேனில், என் முன்னிருக்கையில் இருந்தவர் நண்பரிடம் இவ்வாறு சொன்னார். நண்பருக்குத் திருமழிசையில் தகடு வளைக்கும் பட்டறையில் வேலை என்பது பேச்சிலேயே விளங்கியது.

“கீய காகிதம், மேல கரி. அப்டித்தான வச்சே?” என்றார் பட்டறைக்காரர்.

“ஆமா. கால் மணி நேரத்துல மேல்கரி வெள்ளையா பூத்துச்சு. அப்பால அடுப்புல கொட்டிகினேன்.”

“முன்னாடி கிருஷ்ணாயில ஊத்தி ஊரையே நாறடிப்பியே!”

“அந்த நாத்தந்தான் மாமே. கீமோ குடுத்ததுலேர்ந்து அவளுக்கு அது பட்டாலே வாந்தி. எட்டு மாசமா ஞாயித்துக்கெழமன்னா நாங்க மாடில கோழி சுட்டுகினு இருப்போம், அவ கீய கதவ சாத்திகினு தனியா கெடப்பா.”

“நீயா வாங்கியாந்தியே, பளபளன்னு ஒரு குழாய்?”

“அத நீ புடுங்கிகினு போனப்ப செம கோவம் எனக்கு.”

“துத்தநாகம் பூசுன தகடுடா அது. சூடேறுனா அந்தப் பொக ஆளுக்கே ஆவாது. அதான் சோத்து நேரத்துல பூச்சு இல்லாத கருப்புத் தகடுல ஓட்ட போட்டு வளைச்சேன். சரி, தங்கச்சி எவ்ளோ சாப்ட்டுச்சு?”

“ரெண்டே துண்டு. ஆனா கடைசிக் கரி அவியற வரிக்கும் எங்கூடவே குந்திகினு இருந்தா.”

பட்டறைக்காரர் கைக்குட்டையை எடுத்தார். அண்மையில் மனைவியை இழந்தவன் நான். முன்பின் அறியாத அந்தப் பெண்மணியின் பொருட்டு பட்டறைக்காரருக்கு மனத்துக்குள் நன்றி சொல்லி இறங்கினேன்.