வெள்ளைப் புறாத் தூள்

எங்கள் சந்தில் என்னைப்போலத் தேநீர் போடுகிறவர்கள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும், தேநீர்ப் பானையை முதலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, ஐயா. களைத்து வருகிறவருக்குச் சூடாக ஒரு கோப்பை கொடுப்பதைவிடப் பெரிய தர்மம் ஏழைகளால் செய்ய முடியாது என்று நம்பி வளர்ந்தவள் நான். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

என் கணவரைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

என் அப்பாவையும் தம்பியையும் ஒரே படகில் கடல் கொண்டுபோனது. ஹல் துறைமுகத்தில் இது சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை. ஹெஸ்ஸல் சாலையில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அப்படி ஒருத்தி இருப்பாள். புதைக்க உடல் கிடைக்காது. படகு வரவேண்டிய நாள் கடந்ததும் பெண்கள் துறைமுகச் சுவரோரம் போய் நிற்போம். பிறகு ஒவ்வொருத்தியாக வீடு திரும்பிவிடுவோம். எந்த நாளில் அழத் தொடங்கலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் அம்மா அடுத்த கிறிஸ்துமஸ் வரை அழாமல், சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகளைக் கூடுதலாக வைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்படியிருந்தும் நான் ஒரு மீனவரைத்தான் கட்டிக்கொண்டேன். ஜேபஸ் நல்லவர். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் கரையில் இருக்கும் நாட்களில் குடிப்பார். ஒரு தடவை குடிபோதையில் துறைமுகத்துத் தண்ணீரில் விழுந்தவரைக் கொக்கி போட்டு இழுத்தெடுத்தார்கள். கடலில் இருந்தால் கடலுக்குப் பயப்படுவேன், கரையில் இருந்தால் சாராயக் கடைக்குப் பயப்படுவேன். எனக்கு எந்த நாளும் நிம்மதியான நாளாக இல்லை.

பக்கத்து வீட்டு டோர்க்கஸ்தான் பத்திரிகையிலிருந்து அந்த விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைப் புறாத் தூள். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குடிகாரக் கணவருக்கு அவர் அறியாமலே தேநீரில் கலந்து கொடுக்கலாம். குடிப்பழக்கத்தோடு நரம்புத் தளர்ச்சி, பித்தம், மனச்சோர்வு எல்லாமே போய்விடும் என்று போட்டிருந்தது.

"கெசியாக்கா, எங்க அண்ணி இதத்தான் எங்க அண்ணனுக்குக் குடுத்தா. இப்ப சாராயக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை சபையில பாட்டுன்னா அவன் குரல்தான் முதல்ல கேக்குது, கழுதை கணக்கா."

"தெரியாம குடுக்கிறது பாவமில்லையாடி?"

"பிள்ளைக்குச் சர்க்கரையில மருந்த மறைச்சுக் குடுக்கிறோமே, அது பாவமா?"

நான் முழங்காலிட்டு ஜெபம் செய்துவிட்டுத்தான் முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். அன்று மாலை அவர் கடையில் ஜின் குடித்தார். வாசற்படியிலேயே எல்லாவற்றையும் வாந்தியெடுத்தார். "சரக்கு கெட்டுப்போச்சு புள்ள" என்றார். அடுத்த நாளும் கொடுத்தேன். படகு புறப்படும் காலையில் அவரால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

படகுத் தலைவர் வாசலில் வந்து நின்று கத்தினார். "என்னப்பா ஜேபஸ், பொண்டாட்டி பாவாடைக்குள்ள ஒளிஞ்சாச்சா. சரி, படு. உன் பங்கையும் சேத்து நாங்களே பிடிச்சுக்கிறோம். உனக்கு மீன் தலைய மட்டும் கொண்டாந்து குடுக்கிறேன்."

ஜேபஸ் படுக்கையிலிருந்தே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அந்த மார்ச் மாதப் புயல் உங்களுக்கே தெரியும். நடுக்கடலில் டாகர் மணல்திட்டில் சிக்கிய அந்தப் படகில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. மற்றப் பெண்கள் துறைமுகத்தில் நின்றபோது நானும் போய் அவர்களோடு நின்றேன். ஆனால் என் வீட்டில் என் கணவர் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது, ஐயா. கர்த்தர் ஒரு சிட்டிகைத் தூளைக் கொண்டு அவரைக் காப்பாற்றினார் என்று உறுதியாக நினைத்தேன். அதை யாரும் மாற்ற முடியாது.

ஜேபஸ் குழந்தையைப்போல அழுதார். போதகர் எல்லர்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இனிக் குடிப்பதில்லை என்று ஜேபஸ் அவர் முன்னால் உறுதிமொழி எடுத்தார். உறுதிமொழியை அவர் மீறவேயில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒரு துளிகூடத் தொடவில்லை.

அப்படியானால் தூள் எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் நிறுத்திவிட்டேன். அவர் தேறினார், மீன் கஞ்சி குடித்தார், முகத்தில் களை வந்தது. பிறகு ஒரு காலை பூட்சுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சொன்னார்.

"புதுப் படகுல ஆள் எடுக்கிறாங்களாம். பேசிட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்பணும்."

"கரையில வேலையே இல்லையாங்க. மீன் வெட்டுற கொட்டகையில கேளுங்களேன்."

"பொம்பளைங்களோட உக்காந்து வயிறு கிழிக்கவா. போடி. எனக்குத் தெரிஞ்ச தொழில் இதுதான். குடியையும் விட்டாச்சு, இன்னும் என்ன பயம் உனக்கு?"

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். வெள்ளிக்கிழமை அந்தப் படகு அவர் இல்லாமல் போனது.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் எழுந்து நடமாடத் தொடங்கினால் ஒரு பொட்டலம். மிகவும் வாடிப்போனால் சில நாட்கள் விட்டுவிடுவேன். நான் கொடுமைக்காரி அல்ல. மருத்துவர் வயிற்றுப்புண் என்றார். ஜேபஸ் மட்டும், "நான் குடிச்சதுக்கெல்லாம் ஆண்டவன் வட்டியோட வாங்குறாரு புள்ள" என்பார். நான் அவர் தலையைத் தடவிவிட்டு, ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்பேன்.

அந்தக் கோடைக்காலத்தைப்போல ஒரு காலம் எங்கள் வாழ்க்கையில் இருந்ததில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவார். தெருவில் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஒருத்தி முட்டை, ஒருத்தி எலும்புச் சாறு. போதகர் வந்து வேதத்திலிருந்து சங்கீதம் வாசிப்பார். ஒரு நோயாளி ஒரு தெருவையே அன்புள்ளதாக மாற்றிவிடுகிறார். அவர் துன்பம் வீண் போகவில்லை என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இலையுதிர்காலத்தில் விட்பியில் என் அத்தை காலமானாள். அடக்கத்துக்கு நான் போயே ஆகவேண்டியிருந்தது. அவரை டோர்க்கஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பினேன். அவர் சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கிழிந்த வலை ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். சீட்டியடித்துக்கொண்டு வேறு. கன்னத்தில் இரத்தம் ஓடியிருந்தது.

டோர்க்கஸ் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "பாத்தியாக்கா. ஊருக்கெல்லாம் பெரிய டீக்காரின்னு பேரு வாங்கினவளே, உன் டீயக் குடிச்சு மனுசன் படுத்தே கிடந்தாரு. என் கழுநீரக் குடிச்சதும் எழுந்து உக்காந்துட்டாரு."

"அவள அடிக்கடி கூப்பிடு புள்ள" என்றார் ஜேபஸ். "திங்கக்கிழமை துறைமுகம் வரைக்கும் நடந்து பாக்கலாம்னு இருக்கேன். குளிர்காலத்துக்குள்ள ஒரு பயணமாவது போயிடணும்."

குளிர்காலம். ஐயா, குளிர்காலத்து வடகடலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா. என் அப்பா போனது அப்போதுதான்.

டோர்க்கஸ் போன பிறகு தேநீர் போட்டேன். வழக்கமாக ஒரு பொட்டலம். அன்று பெட்டியில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் போட்டேன். ஒரு பொட்டலம் அவரைச் சில நாட்கள்தான் படுக்கவைக்கிறது, இந்தக் குளிர்காலம் முழுவதும் படுக்கவைக்க வேண்டும் என்றுதான் கணக்குப் போட்டேன். கோப்பையை அவரிடம் நீட்டினேன்.

"என்ன புள்ள, நடுங்குறே?"

"வண்டியில வந்தது குளிருதுங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் தம் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். சூடேறும்வரை தேய்த்தார். வாயால் ஊதினார். பிறகு கோப்பையை எடுத்து முழுவதையும் குடித்துவிட்டு, "உன் டீ உன் டீதான், அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

விடிவதற்குள் முடிந்துவிட்டது. கடைசிவரை நான் பக்கத்திலேயே இருந்தேன், முகத்தைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் உடலைக் குளிப்பாட்ட வந்த டோர்க்கஸ், அலமாரியில் வெறும் பெட்டிகளைப் பார்த்தாள். உறுதிமொழி எடுத்ததுமே நான் தூளை விட்டுவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். அழுதுகொண்டே கழுவி முடித்தாள், அவர் தலைமுடியை வாரினாள், பிறகு போலீஸ் நிலையத்துக்கு உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தான் செய்ததைப் புரிந்துகொள்ளத்தான் அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வாரம் வெறும் தேநீரையும் ரொட்டியையும் கொடுத்து அவரைக் கடலுக்குத் தயார்செய்தது அவள்தான்.

தூளில் இருந்தது வாந்தி வரவைக்கும் ஒருவகை உப்பு, அது உடம்பில் சேர்ந்து சேர்ந்து கொல்லும் என்று உங்கள் மருத்துவர் சொன்னாராம். இருக்கலாம். ஜேபஸ் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். ஒரு நாளும் இல்லை. அவர் குணமாகிவிடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

கொடுத்தது நான்தான். எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

என் அம்மாவுக்குப் போய் நின்று அழ ஒரு கல்லறைகூடக் கிடைக்கவில்லை, ஐயா. எனக்கு இருக்கிறது. சபைத் தோட்டத்தில், சுவரோரமாக, காற்றுப் படாத இடம். கடல் அவரைக் கொண்டுபோகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.