நிகழ்ச்சி நிதியை மூட மறுத்த ஞானபாய் அம்மையாருக்கு

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து முதல் பேருந்தில் ஏறி, முப்பத்து நான்கு ஆண்டுகள் மழையானாலும் மறியலானாலும் மணி பத்துக்குள் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்ட கண்காணிப்பாளர் அவர்களே, கண்டிப்பைக் கண்முன்னும் கனிவைக் கமுக்கமாகவும் வைத்திருந்த எங்கள் ஞானபாய் அம்மா அவர்களே,

வணக்கம்.

பணி நிறைவு விழா என்றால் சிரிப்பும் கண்ணீரும் சரிபாதி இருக்கும். இன்று அப்படி இல்லை. உங்களோடு உங்கள் இருக்கையும் போகிறது. இந்தப் பணியிடம் இனி நிரப்பப்படாது என்றும், நம் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் நீங்கள் பார்த்துவந்த ஆய்வு மாணவர் நிகழ்ச்சி நிதி நிறுத்தப்படும் என்றும் சென்ற மாதம் சுற்றறிக்கை வந்தது. ஆகவே, வாழ்த்த வந்த இடத்தில் வார்த்தை வறண்டு நிற்கிறோம். குறை பொறுத்தருள வேண்டுகிறோம்.

அது பெரிய நிதி அல்ல. ஒரு சிறு கருத்தரங்குக்கு அரங்க வாடகை, வெளியூர்ப் பேச்சாளரின் பயணச் செலவு, ஒரு பதாகை, தேநீர், வடை. அவ்வளவுதான். ஆனால் கருத்தரங்கில் கட்டுரை படித்த சான்று இல்லாமல் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியாது என்பது விதி. சென்னைக்கும் கொச்சிக்கும் போய்க் கட்டுரை படித்துவர வசதியுள்ள பிள்ளைகளுக்கு இந்த நிதி ஒரு பொருட்டில்லை. மீன் விற்றும் ரப்பர் பால் வெட்டியும் படிக்க வைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழியே இல்லை. இதை எங்களுக்குப் புரிய வைத்தவர் நீங்கள்.

விண்ணப்பம் பதினைந்து நாள் முன்னதாக வர வேண்டும். பதினான்கு நாளே இருக்கும்போது வந்ததைத் தயங்காமல் திருப்பி அனுப்பினீர்கள். பிள்ளைகள் உங்களுக்குப் ‘பதினஞ்சு நாள் மேடம்’ என்று பெயர் வைத்தது காதுக்கு எட்டியபோது, “இருக்கட்டும். பேரைச் சொல்லும்போதாவது நாளு ஞாபகம் வரும்லா” என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைப் பிரித்தீர்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த நிகழ்ச்சிக்குத் தேநீர்ச் செலவு கிடையாது என்பதிலும் நீங்கள் இம்மியும் இளகவில்லை. ஒன்றே முக்கால் மணியில் கூட்டம் முடியப் பார்த்தால், பாத்திரத்தோடு வாசலில் நிற்கும் அலுவலக உதவியாளர் சகாயம், “யாராவது ஒரு கேள்வி கேளுங்க மக்கா, இல்லேண்ணா வடையைத் திரும்பச் சுமக்கணும்” என்று உள்ளே தலையை நீட்டுவார்.

நிகழ்ச்சி நடந்தது என்று சான்று எழுதுவதற்கு மற்றவர்கள் நிழற்படம் கேட்பார்கள். நீங்கள் நேரில் போவீர்கள். கடைசி வரிசையில் அமர்ந்து முடியும்வரை கேட்பீர்கள். அடைமழை நாளொன்றில், கடற்பாசிகளைப் பற்றிப் பேச வந்த ஆய்வு மாணவர் ஆன்ஸ்லினுக்கு முன்னால் நாற்பது நாற்காலிகளும் நீங்களும் மட்டுமே இருந்தீர்கள். பேசாமலே முடித்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். “நான் ஒருத்தி இருக்கேன்லா. நீ பேசு மக்கா. பேசாம நடந்ததுண்ணு எழுத எனக்கு ஒக்காது” என்றீர்கள். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். வருகை: ஒருவர் என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள்.

இனிச் சொல்லப்போவது பாராட்டு மடலில் இடம்பெறும் செய்தி அல்ல. ஆயினும் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சட்டமிட்டு மாட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஓய்வு பெறுபவர் தம் இருக்கையில் நிலுவை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அவருடைய ஓய்வூதியக் கோப்பு நகரும். அதே தாளை வைத்து நிதியையும் மூடிவிடலாம் என்று மேல்மாடியில் அதிகாரிகள் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் உங்கள் மேசையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. கடற்கரை ஊரிலிருந்து வரும் ஆய்வு மாணவி ரெஜிஷா, ஆகஸ்டு மாதக் கருத்தரங்குக்காக, சுற்றறிக்கை வருவதற்கு முன்பே விதிப்படி கொடுத்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ‘நிலுவை இல்லை’ என எழுதும்படி சென்ற வெள்ளிக்கிழமை உங்களிடம் சொன்னார்கள்.

நாங்களும் நல்லது செய்வதாக நினைத்துக் குறுக்கே வந்தோம். உங்களுக்கு மோதிரம் வாங்கச் சேர்த்த பணத்தில் அந்தப் பிள்ளையின் கருத்தரங்கை நடத்திவிடலாம், எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள் என்றோம். எங்கள்மேல் நீங்கள் கோபப்பட்டது அன்று ஒருநாள்தான். “இந்த வருசம் நீங்க போடுவிய. அடுத்த வருசம் யாரு போடுவா? பிள்ளைகளுக்கு உள்ளதை நம்ம பிச்சையா மாத்தப்பிடாது, கேட்டியளா” என்றீர்கள். பிறகு பேனாவைத் திறந்து, ‘ஒன்று நிலுவையில் உள்ளது’ என்று எழுதி, ரெஜிஷாவின் பெயரும் விண்ணப்ப எண்ணும் குறித்து, தேதியிட்டுக் கொடுத்தீர்கள்.

அந்த விண்ணப்பம் முடிவாகாதவரை நிதியை மூட முடியாது. உங்கள் ஓய்வூதியமும் வராது. படுக்கையிலிருக்கும் கணவரின் மருந்துச் செலவு ஏறிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு, இன்று மாலை நீங்கள் மாலையும் மடலும் அந்த மோதிரமும் மட்டும் கொண்டு போகிறீர்கள்.

நாளை உங்கள் மேசைக் கோப்புகளோடு அந்தத் தாளும் எங்களிடம் வரும். ‘விண்ணப்பத்தை மாணவி திரும்பப் பெற்றார்’ என்று எங்களில் ஒருவர் எழுதினால் போதும். நிதி முடிந்துவிடும், உங்கள் பணம் வந்துவிடும். உங்கள் நன்மைக்காகவே செய்தோம் என்று சொல்லிக்கொண்டே அதை எழுதிவிட முடியும் என்பதுதான் எங்களுக்கு அச்சமாக இருக்கிறது.

மலையோரக் காற்றில் உங்கள் மூச்சு சீராக இருக்கட்டும். ஐயாவின் உடல் தேறட்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் தராத காலை உறக்கம் இனி உங்களுக்கு வாய்க்கட்டும். உங்களுக்குச் சேர வேண்டியது, நீங்கள் எழுதிய வரி மாறாமலே வந்து சேரட்டும் என்று இப்பிரிவின் பதினோரு பேரும் மனமார வாழ்த்துகிறோம்.

வழக்கப்படி அனைவரும் கையொப்பமிட வேண்டும். ஆனால், நாளை அந்தப் பொய் வரியை எழுத மாட்டோம் என்று உறுதி சொல்லக்கூடியவர்கள் மட்டுமே இதில் கையொப்பமிடுவது என்று நேற்று கூடிப் பேசி முடிவு செய்தோம். மற்றவர்களுக்கும் வீடு உண்டு, வீட்டுக் கடனும் உண்டு. அவர்கள்மேல் வருத்தம் கொள்ள வேண்டாம்.

30.06.2025

இங்ஙனம்,
பகவதியப்பன், உதவியாளர்
ரெஜிலா, தட்டச்சர்
சகாயம், அலுவலக உதவியாளர்