நீல மூடி, வெள்ளை மூடி

களியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இறுகிப்போகும், டாக்டரம்மா. குழம்பில் தோய்த்து விழுங்கிவிடுங்கள். உங்களோடு வேலை பார்க்கும் பாஸ்கர் தம்பிக்கும் ஓர் உருண்டை வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதல் தடவை நீங்கள் ஆறாத புண்ணாகத் தேடிச் சுரண்டிக்கொண்டு வந்தீர்கள். மனுஷருக்கு வரும் லீஷ்மேனியாக் கிருமியும் நாய்க்கு வருவதும் ஒரே வம்சமா, வேறு வேறா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். மணல் ஈ அதைக் கடித்து இதற்குக் கொண்டுபோகும் என்றும் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு மூக்குகளில் புண் இருந்தது. ஒன்று என் நாய் ராஜுலுவுடையது. மற்றது வீட்டோடு மாப்பிள்ளை சிட்டிபாபுவுடையது.

பாஸ்கர் தம்பிதான் வாயை விட்டார்.

"நாய்க்கு இருந்துச்சின்னா கூண்டுல போட்டு திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்டுவோம், பெரீம்மா."

"கூண்டுல போட்டா அது சோறு துன்னாதே, நைனா."

"தேறலைன்னா..." என்று இழுத்தார். மிச்சத்தைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

சுரண்டியதை ஆளுக்கொரு சின்னப் பெட்டியில் வைத்தீர்கள். நாய்க்கு நீல மூடி, மனுஷருக்கு வெள்ளை மூடி. பெட்டிகளை அம்மிமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். மீன்குழம்புச் சட்டிக்கு ரசத்தின் மூடியைப் போட்டு வைப்பது என் பழக்கம். மாப்பிள்ளை ரசம் என்று நினைத்துத் தொடமாட்டார். மீன் ராஜுலுவுக்கு மிஞ்சும். கை பழகிய வேலை. உங்களுக்கு மோர் ஊற்ற எழுந்தபோதே முடிந்துவிட்டது.

பிறகு நீங்கள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தீர்கள். ராஜுலுவுக்கு ஒன்றுமில்லை, சிட்டிபாபுவிடம்தான், இந்தப் பக்கத்தில் மனுஷரிடம் பார்த்தே இராத, நாய்களுக்கு வரும் வகை இருக்கிறது என்றீர்கள். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனசு வருமா, கண்ணு?

"பைக்குல வுழுந்த புண்ணுதான் அத்த, சொல்லுங்களேன்!" என்றார் மாப்பிள்ளை.

"டாக்டருங்களுக்குத் தெரியாததா? அவங்க வண்டியில ஏறுங்க மாப்ள."

ஊசி போட்டதும் அவருக்கு வாந்தி நிற்கவில்லையாம். திரும்பச் சுரண்டியும் கிருமி கிடைக்காததால், எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று எலும்புக்குள் ஊசி இறக்கித் தேடினீர்களாம். என் மகள் பத்மினி போனில் அழுதாள். எனக்கும் வருத்தம்தான். அன்றைக்கு நான் மீன் தொடவில்லை. ராஜுலு சாப்பிட்டான்.

மாப்பிள்ளையின் கட்டிலில், ஃபேனுக்கு நேர்கீழே படுத்திருக்கிறானே, அவன்தான். எழுப்பாதீர்கள்.

ஆமாம், மூடியை மாற்றியது நான்தான். யாராவது பட்டே ஆக வேண்டிய கஷ்டத்தை வாயுள்ளவர் பட்டால் சொல்லி அழலாம். வாயில்லாத ஜீவன் என்ன செய்யும்?

ஏன் என் கையையே பார்க்கிறீர்கள்? இந்தக் கொப்புளமா? அது கொஞ்ச நாளாகவே ஆறவில்லை. ராஜுலுவைக் கடித்த ஈதான் என்னையும் கடித்திருக்கும். கடித்தால் என்ன, கண்ணு? அவனுக்கு ஒன்றுமில்லை என்று நீங்களே பரிசோதித்துச் சொல்லிவிட்டீர்களே.