சிரிப்பா, பயமா

நாளைக்கு வீட்டுக்கா? யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க, சிஸ்டர்? என் பொண்டாட்டி வந்து டிஸ்சார்ஜ் காகிதத்துல கையெழுத்துப் போட்டா போதுமா? உங்க பெரிய டாக்டர் சொன்னாரா? அவருக்கு என்ன தெரியும்? இருபத்தி ரெண்டு வருஷம் அச்சாபீஸ்ல சூப்பர்வைசரா நாப்பது தடியன்களை மேய்ச்சவன் நான். எவனுக்கு வேலை தெரியும், எவன் சும்மா படம் காட்டுறான்னு இருமுற இருமல்லயே சொல்லிடுவேன்.

இவரும் படம்தான் காட்டுறார். கண்ணு தெரியாதவனுக்கு! கண்ணு நல்லாத்தான் இருக்காம். ரத்தக்குழாய் அடைச்சதுல மூளையில பாக்குற இடம் செத்துப்போச்சாம். செத்ததை விட வேண்டியதுதானே? தெனமும் ஒரு திரைக்கு முன்னால உக்கார வெச்சு, இப்ப ஒரு மூஞ்சி வரும், சிரிக்குதா பயப்படுதா சொல்லுங்கன்னார். இருட்டுதான் தெரியுதுன்னேன். பரவாயில்ல, வாயில வந்ததைச் சொல்லுங்கன்னார். படிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது? ஒழியட்டும்னு சிரிப்பு, பயம், பயம், சிரிப்புன்னு அடிச்சு விட்டேன்.

அம்பதுக்கு நாப்பத்தி மூணு சரியாம். மனுஷனுக்குக் கால் தரையில நிக்கல. உங்களுக்கே தெரியாம உங்க மூளை பாக்குதுங்கறார். என் மண்டைக்குள்ள எனக்குத் தெரியாம எவன் உக்காந்து பாக்குறான்? வாடகையாவது குடுக்கட்டும்.

ஏன் சிரிக்கிறீங்க? சத்தம் வரலன்னா தெரியாதா?

இன்னிக்குக் காலையில திரையை எடுத்துட்டு நெஜ ஆளையே எதிர்ல உக்கார வெச்சார். யாருன்னு சொல்லல. மூச்சுச் சத்தம்கூட இல்ல. பயம்னேன். மறுபடி கேட்டார். பயம். மூணாவது தடவையும் அதேதான். தப்பு சார், உங்க வீட்டம்மாதான், நல்லா சிரிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லி, தப்புன்னே எழுதிக்கிட்டார். அவ்வளவு படிப்பு. நல்ல கண்ணு ரெண்டு. எது நெஜச் சிரிப்புன்னு தெரியல.

நான் மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சேனா? கையை ஓங்குற நேரத்துல பொண்டாட்டி மூஞ்சியை எவன் பாக்குறான், சிஸ்டர்? கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல நான் ஒரு நாளும் பாத்ததில்ல. மண்டைக்குள்ள உக்காந்திருக்கானே, அந்தப் பயதான் பாத்து வெச்சிருக்கான் போல.

அந்தக் காகிதத்தை அவகிட்ட நீட்டாதீங்க. நீட்டினா, சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவா.