அக்கா முட்டிக்குத் தண்ணீர்

கிழக்கேகோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் தன் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள்.

“அத்திம்பேர் அக்காவோட முட்டிக்குத் தண்ணி தெளிச்சுட்டார்.”

“என்னடி சொல்றே?”

“மாத்தி வெச்ச மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சுடுத்தோல்லியோ? அதை எடுத்துட்டு, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட் வெச்சிருக்கா. மருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக் கிருமியைக் கொல்லுமாம். அப்புறம்தான் புது மூட்டு.”

“அதுக்குத் தண்ணி எதுக்கு?”

“ஆயுசு பூரா பாலம் கட்டின இன்ஜினியர். சிமென்ட்னு காதுல விழுந்ததும், நனைக்கலேன்னா வெடிச்சுடும்னு பாட்டிலும் கையுமா நின்னுட்டார். நர்ஸ் ஓடி வந்து பிடுங்கினா. நல்ல வேளை, மேல போர்த்தின துணிதான் நனைஞ்சது.”

“டாக்டர் திட்டலையா?”

“‘சாரே, இது பாலமல்ல, காலாணு’ன்னு மலையாளத்துல சொன்னார்.”

“அதுக்கு இவர்?”

“‘ரெண்டும் நடக்கறதுக்குத்தானே?’ன்னு கேட்டார். அக்காதான் சிரிச்சா. சீழ் பிடிச்சதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பார்த்ததே இல்லே, கேட்டோ.”