பாஞ்சாலை கேட்டுக்கொண்டபடி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். ஆகவே வாக்குமூலத்தைக் கைப்பட எழுதித் தரச் சொன்னதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை, ஐயா. டைப் அடித்தால் யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியது போல இருக்கும்.

பெயர் சரவணகுமார். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். பத்தொன்பது வருடமாகத் திருவண்ணாமலையில் இன்ஜினியர் வேலை. அடி அண்ணாமலைக்குப் பின்னால் மனை வியாபாரி சகாதேவன் போட்ட மனைப்பிரிவுக்கு வரைபடம் போட்டவன் நான். வேலையை மேற்பார்த்தவனும் நான்தான். எல்லாம் விதிப்படி முடிந்தது என்று கடைசியில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

அது முன்பு வேர்க்கடலைக் கொல்லை. மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் அதன்மேல் பரவி, பாதி ஊறி, மீதி நிதானமாக ஏரிக்குப் போய்ச் சேரும். அதில் தார் ரோடு போட்டு வீடு கட்டினால் ஊற இடமில்லை, மொத்தத் தண்ணீரும் ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கும். அதனால் தாழ்ந்த மூலையில் ஒரு குளம் விட வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. ரோட்டுத் தண்ணீர் அங்கே வந்து நின்று அளவாக வெளியேற வேண்டும். நல்ல நிபந்தனைதான். வரைபடத்தில் அந்தக் குளத்தை நீலத்தில் வரைந்தேன், சுற்றி நாலு மரமும் போட்டேன்.

அனுமதி வந்த பிறகு அந்த மூலையில் மண் கொட்டி மேடாக்கி, குளம் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையார் கோயில் கட்டினோம். யோசனை என்னுடையது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற சென்னைக்காரர்கள்தான் இங்கே மனை வாங்குகிறார்கள். பதினாலு கிலோமீட்டர் நடந்த காலோடு நேராக மனை பார்க்க வருவார்கள். குளத்தைக் காட்டினால் கொசு வருமா என்பார்கள். கோயிலைக் காட்டினால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பார்வையிட வந்த அதிகாரியும் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று சுற்றினார். பிள்ளையாரை வைத்துக்கொண்டு குளம் எங்கே என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது, அவர் இடத்தில் நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

கோயில் மேட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவர். சுவருக்கு வெளியே ஒரு குறுகிய சந்து, அதற்கு அந்தப் பக்கம் கீழ்த்தெருவின் பதினாலு வீடுகள். உள்ளே தரை ஆறடி உயரம், அதாவது சுவரின்மேல் ஆறடி மண் சாய்ந்து நிற்கிறது. காய்ந்த மண்ணை அந்தச் சுவர் தாங்கும். தண்ணீர் குடித்த மண்ணைத் தாங்காது. அதற்காகத்தான் சுவரின் அடியில் நாலடிக்கு ஒரு துளை விட்டிருந்தேன். மண்ணில் சேரும் தண்ணீர் அதன் வழியாக வடிந்துவிடும். மொத்தம் நாற்பத்திரண்டு துளைகள். ஒவ்வொன்றையும் நானே நின்று வைக்கச் சொன்னேன். வேலை தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

முதல் மழையிலேயே துளைகள் வழியாகச் செம்மண் குழம்பு கொட்டியது. பாஞ்சாலை வீட்டு வாசலுக்கு நேராக ஆறு துளைகள். அவர் ஆசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்தார். கணவர் கருப்பன் வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் அன்புச்செல்வி நர்சிங் மூன்றாம் வருடம். வெள்ளைச் சீருடையோடு அந்தச் சேற்றைத் தாண்டி பஸ்ஸுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. தாயும் மகளும் என் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள்.

"சார், உங்க செவுத்து ஓட்டையில இருந்து சேறு வூட்டுக்குள்ள வருதுங்க. வாளியில மொண்டு மொண்டு ஊத்தி கை வுட்டுப்போச்சு. ஒண்ணு கால்வா கட்டி வுடுங்க, இல்லன்னா ஓட்டய அடச்சி வுடுங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க சார்."

கால்வாய் கட்டினால் அது எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வி வரும். மறுபடி அளக்க வருவார்கள், வரைபடத்தை விரிப்பார்கள், நீலத்தில் வரைந்தது எங்கே என்பார்கள். ஆகவே அடைத்துவிடுகிறேன் என்றேன். துளைகளை அடைத்துத் தரும்படி அவர்கள் எங்களைக் கேட்டுக்கொள்வதாக, அவர்கள் சார்பில் மனுவை நானே எழுதினேன். அதில் கால்வாயைப் பற்றி எழுதவில்லை, மனு என்பது சுருக்கமாக இருப்பது நல்லது. அன்புச்செல்வி அதை இரண்டு தரம் படித்தாள்.

"கால்வா பத்தி இதுல இல்லியே சார்?"

"அது அப்புறமா பாத்துக்கலாம்மா."

"அடச்சா செவுரு தாங்குமா சார்? தண்ணி எங்கனா போயாவணுமே."

கெட்டிக்காரப் பெண். நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறேன், இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. தாங்கும் என்றேன். பாஞ்சாலை மகளின் கையிலிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "இன்ஜினியரு சொல்றாரில்ல, உனுக்கு ஜாஸ்தி தெரியுமா?" என்று மகளைக் கடிந்துகொண்டார். எனக்கு அப்போது லேசாக ஒரு வெட்கம் வந்தது. வந்ததை மறைக்கவில்லை.

ஆறு துளைகளை மட்டும் அடைத்திருக்கலாம். ஆனால் ஆறு மட்டும் அடைத்தால் அடைத்தது கண்ணில் படும். நாற்பத்திரண்டையும் அடைத்து, மேலே பூசி, வெள்ளையும் அடித்தோம். பார்க்க நன்றாகவே இருந்தது. பிறகு நான் போகும்போதெல்லாம் பாஞ்சாலை கூப்பிட்டு டீ கொடுப்பார். அவர்கள் வீட்டு டம்ளரில்தான் குடிப்பேன். எங்கள் ஆட்கள் பலர் இன்றைக்கும் அப்படிக் குடிக்க மாட்டார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு நான் சைட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, மனம் கேட்காமல் நானாகத்தான் போனேன். காரைச் சந்தில் நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பார்த்தேன். கோயிலைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர். கீழே இறங்கி வந்து வெளியே இருந்து சுவரைப் பார்த்தேன். பாஞ்சாலை வீட்டுக்கு எதிரே சுவர் வயிறு தள்ளியிருந்தது. பூச்சில் ஒரு விரிசல், அதிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் கசிந்தது. கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

கார் டிக்கியில் கடப்பாரை இருந்தது, அடைத்த துளைகளை அதனால் திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் அந்த நிலையில் சுவரைத் தட்டுவது ஆபத்து என்று தொழில் தெரிந்த யாரும் சொல்வார்கள். அதை நான் செய்யாதது சரிதான். பதினாலு கதவைத் தட்டி எல்லோரையும் வெளியே வரச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் கேட்டீர்கள். பத்து நிமிடம் ஆகும். ஆனால் சுவர் விழப்போகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் துளை, மனு, பிள்ளையார், குளம் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் முடிக்க வேண்டும். மழை விட்டுவிடும் என்று நினைத்தேன். மழையும் அப்போது கொஞ்சம் கம்மியானது போலத்தான் இருந்தது.

பாஞ்சாலை என்னைப் பார்த்துவிட்டார். "உள்ள வாங்க சார், நனையாதீங்க" என்றார். மழை என்று அன்புச்செல்விக்குக் கல்லூரி லீவு. கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டீ குடித்தேன். மூன்றே காலுக்குக் கிளம்பினேன். மூன்றே முக்காலுக்கு நாற்பதடி நீளத்துக்குச் சுவரும் மண்ணும் அந்த வீட்டின்மேல் விழுந்தன. மற்ற வீடுகளுக்குச் சேதம் கம்மி. தாயையும் மகளையும் எடுக்க இருட்டிவிட்டது.

பதினோராம் நாள் கருப்பன் என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. அதைத்தான் எதிர்பார்த்து மனைவியை உள்ளே போகச் சொல்லியிருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"சார், அன்னிக்கி நீங்கதான் கடசியா வந்துட்டுப் போனீங்கன்னு சொல்றாங்க. அவங்க ரெண்டு பேரும் இன்னா பேசினாங்கன்னு சொல்லுங்க சார். எதுவா இருந்தாலும் பரவால்ல."

ஒன்றும் விசேஷமாகப் பேசவில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. உங்களிடம் வந்ததற்குக் காரணம் அதுதான், சட்டமோ பயமோ இல்லை.

சுவர் விழும் என்று எனக்குத் தெரியாது. இதுவரை கேட்டவர்கள் எல்லோரிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. கருப்பன் கேட்டதற்கு மட்டும் இங்கே பதில் எழுதிவிடுகிறேன், நீங்கள் அவரிடம் படித்துக் காட்டலாம், காட்டாமலும் விடலாம்.

பாஞ்சாலை அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனபோது நான் வெளியே வந்து, சுவர் ஓரமாக நின்ற காரைக் கிளப்பி, சந்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்தேன். பாஞ்சாலை டம்ளரை நீட்டிக்கொண்டே சிரித்தார்.

"ஏன் சார் அவ்ளோ தூரம் கொண்டு போயி வுட்டீங்க? இங்கியே செவுத்தோரமா இருந்திருந்தா பத்திரமா இருந்திருக்குமே."

"புது வண்டிம்மா" என்றேன்.