நம் பல் டாக்டருக்கு நான் எழுதாத சீட்டு

தலைமை ஏற்றிருக்கும் முதன்மை மருத்துவர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்குக் கண் கலங்கி வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. வாய்ப்புற்றுநோய் பரிசோதனை அறையில் நம் பல் டாக்டரோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த செவிலி நான். அந்த அறையில் நாங்கள் இரண்டே பேர். இனி ஒருத்திதான்.

வாயில் நீலச் சாயம் தடவி, வினிகர் கலந்த தண்ணீரால் கொப்பளிக்க வைத்து, எங்கே நீலம் போகாமல் நிற்கிறது என்று தேடுவது எங்கள் வேலை. நிற்பதெல்லாம் புற்று அல்ல. கடிபட்ட புண்ணிலும் நிற்கும். அதனால் பதினான்கு நாளில் மறுபடி வரச் சொல்லிச் சீட்டு எழுதுவோம். அப்போதும் நின்றால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம்.

சாயம் என்றால் யார்தான் வாயைத் திறப்பார்கள்? பயந்தவர் முன்னால் நம் டாக்டரே முதலில் பூசிக்கொள்வார்! ஒரு லாரி ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

"என்ன டாக்டர், பேனாவக் கடிச்சுட்டீங்களா?"

"ஆமாப்பா, மிச்சம் உனக்குத்தான். வாயத் திற."

திறந்தார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால், இதோ மூன்றாவது வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்!

டாக்டர் கொப்பளித்ததும் அவர் வாயைப் பார்த்து, "போயிடுச்சு" என்று சொல்வது என் வேலை. போன ஆண்டு ஒருநாள், நாக்கின் ஓரத்தில் ஒரு புள்ளி போகவில்லை.

"டாக்டர், நிக்குது."

"பல்லு பட்டிருக்கும் சிஸ்டர். அடுத்தவரக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். ஊருக்கெல்லாம் சீட்டு எழுதிய இந்தக் கை, அவருக்கு எழுதவில்லையே! டாக்டருக்கு நாம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேனே! அதன் பிறகு அவர் தன் வாயில் சாயம் பூசவே இல்லை. "இனிமே படம் போட்டுக் காட்டலாம்" என்றார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க அந்த வீட்டிலும் ஆள் இல்லை. புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவர் பயந்தபோது, நாம் எங்கே போயிருந்தோம்?

நாளைக் காலை அந்த அறையைத் திறப்பேன். அவர் விட்ட வேலையை விடமாட்டேன். முதல் வரிசையில் நிற்க வேண்டியது, இந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் நாம். பெரிய டாக்டர், சின்ன டாக்டர் என்று பார்க்கமாட்டேன்; எல்லாருக்கும் சீட்டு உண்டு. பதினான்காம் நாள் வராதவர் வீட்டுக்கு நானே வந்து கதவைத் தட்டுவேன்.

அவர் வீடு இங்கிருந்து இரண்டு தெரு. நான் ஒருநாளும் தட்டியதில்லை.